விடுதிச் சமையலறைக்கு மிதப்பு மூடி பயோகாஸ் தொட்டி: மலையகக் குளிரில் எங்கே எடுபடும், எங்கே எடுபடாது

2022இல் காஸ் சிலிண்டருக்காக நாடே வரிசையில் நின்றதை விடுதிச் சமையலறை நடத்தும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். “சாப்பாட்டுக் கழிவைப் போடுங்கள், அடுப்பெரிய காஸ் வரும்” என்று பயோகாஸ் தொட்டி விற்பனையாளர் சொன்னதும் நிர்வாகக் குழுக்கள் தலையாட்டுவதற்கு அந்த ஞாபகம் ஒரு காரணம். இன்னொரு காரணம் குப்பை. 200 மாணவர் தங்கும் விடுதியின் எச்சில் சோறும் மரக்கறிக் கழிவும் நாள்தோறும் எங்காவது போயாக வேண்டும். பிரதேச சபை வண்டி வராத நாளில் அது விடுதிக்குப் பின்னால் கிடந்து நாறும். இந்த இரண்டில் எதற்காக வாங்குகிறோம் என்பதைக் காசு கட்டுமுன் முடிவு செய்ய வேண்டும். கழிவைத் தீர்க்க வாங்குகிறவர்களுக்கு இது நல்ல பொருள். காஸ் செலவையே ஒழித்துவிடலாம் என்று வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். நுவரெலியா உயரத்தில் உள்ளவர்கள் வாங்கவே வேண்டாம்.

இங்கே பார்ப்பது தரைக்கு மேல் வைக்கும், பிளாஸ்டிக்கிலோ பைபரிலோ செய்த தொட்டி. கழிவு ஊற்ற ஒரு பக்கம் சாய்வான குழாய், கழிவும் தண்ணீரும் கலந்த கரைசல் வழிந்து வெளியேற மறுபக்கம் இன்னொரு குழாய், நடுவே காஸ் சேரச் சேர மேலெழும் மூடி. இதில் இரண்டு வகை உண்டு. மலிவான வகையில் பெரிய தண்ணீர்த் தாங்கிக்குள் சற்றுச் சிறிய தாங்கியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட வளையத்தில் கரைசல் வெளியே தெரியும். அந்த இடைவெளியால் காஸ் ஒரு பங்கு வீணாகப் போகும், வாடை வரும், ஈ மொய்க்கும். மற்ற வகையில் மூடி கரைசலில் மிதக்காது. அதைச் சுற்றியுள்ள தனித் தண்ணீர்ப் பட்டையில் மிதக்கும். விலை கூடினாலும் சமையலறை அருகே வைப்பதற்கு இந்த இரண்டாவது வகைதான் தகும். ஒரு விடயத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: அந்தத் தண்ணீர்ப் பட்டையில் நுளம்பு முட்டையிடும். டெங்கு நிற்காத கண்டிப் பக்கத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து எழுதிவிட்டுப் போகும்முன் ஒரு கோப்பைத் தேங்காயெண்ணெயைத் தண்ணீர் மேல் ஊற்றி, படலம் கலைந்ததும் மறுபடி ஊற்ற வேண்டும். அந்தப் படலம் தண்ணீர் ஆவியாவதையும் குறைக்கும்.

விற்பனைத் தாளில் இருக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் சமவெளிக் கணக்கு. மலையகத்தில் இந்தப் பொருளின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. காஸை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 பாகை செல்சியஸ் தோதான சூடு. 20 பாகைக்கு இறங்கினால் வேலை பாதியாகும். 15க்குக் கீழே மிக மந்தமாகும். 10ஐ நெருங்கினால் ஏறக்குறைய நின்றுவிடும். கண்டியும் பேராதனையும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர், பதுளை 680 மீற்றர். இங்கெல்லாம் தொட்டி வருடம் முழுக்க ஓடும். கொட்டகலை, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் 1,200 மீற்றரை ஒட்டியவை. அங்கே ஓடும், ஆனால் மார்கழி, தை மாதங்களில் திணறும். நுவரெலியா 1,868 மீற்றர். வருடச் சராசரியே 16 பாகை அளவில்தான்; தை மாத விடியலில் புல்லில் உறைபனி படியும் ஊர். தரைக்கு மேல் நிற்கும் தொட்டி அங்கே வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கும்.

ஆகவே அளவைத் தீர்மானிக்கும் முறை இப்படி இருக்கட்டும். முதலில் இரண்டு வாரம் கழிவை நிறுங்கள். தொங்கு தராசு ஒன்று, மூடியுள்ள வாளிகள் சில போதும்: காலை, மதியம், இரவு தனித்தனியாக, சமையல் கழிவு வேறு, தட்டில் மிஞ்சியது வேறு. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும் விடுதியில் சனி, ஞாயிறு எடை விழும். பருப்பு நாளுக்கும் கோழிக்கறி நாளுக்கும் வித்தியாசம் இருக்கும். இதைச் செய்யாமல் தலைக்கு இவ்வளவு என்று ஊகித்து வாங்கியவர்களிடம் தொட்டி பெரிதாகவோ சிறிதாகவோதான் இருக்கும். நிறுக்கும்போதே இன்னொன்றும் தெரியவரும்: தட்டில் மிஞ்சும் சோறு அதிகம் என்றால், பரிமாறும் கரண்டியைச் சிறிதாக்கி இரண்டாம் முறை கேட்டு வாங்க விடுவதே முதல் வேலை. சமைத்த சோற்றைக் காஸாக்குவதைக் காட்டிலும் அந்த அரிசியை மிச்சம் பிடிப்பது பல மடங்கு இலாபம்.

சராசரி 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கழிவுக்குச் சம அளவு தண்ணீர் கலக்க வேண்டும், அதாவது நாளுக்கு 80 லீற்றர் உள்ளே போகும். கண்டி, பதுளை உயரத்தில் ஒரு கன மீற்றர் கொள்ளளவுக்கு நாளுக்கு 5 கிலோவுக்கு மேல் போடக் கூடாது. 8 கன மீற்றர் வேண்டும். கொட்டகலை உயரத்தில் 3 கிலோதான் தாங்கும். 13 கன மீற்றர் அளவில் வேண்டும். விற்பனையாளர் ஒரு கன மீற்றருக்கு 10 கிலோ வரை போடலாம் என்றால் அது கதகதப்பான ஊர்களுக்கான, அதுவும் நன்றாகப் பராமரிக்கும் இடங்களுக்கான கணக்கு. குளிரில் நுண்ணுயிர் மெதுவாகப் பெருகும். அது பெருகும் வேகத்தைவிடக் கரைசல் வேகமாக வெளியேறினால் தொட்டியிலிருந்து நுண்ணுயிரே கழுவப்பட்டுப் போகும். இன்னொரு ஆலோசனை: 8 கன மீற்றர் தொட்டி ஒன்றை வாங்காமல் 4 கன மீற்றரில் இரண்டு வாங்குங்கள். ஒன்று புளித்துப் போனால் மற்றதிலிருந்து கரைசல் எடுத்து ஊற்றிப் பிழைக்க வைக்கலாம். ஒன்றே இருந்தால் மறுபடி தொடங்கச் சாணத்துக்காக மாட்டுப்பட்டி தேடி அலைய வேண்டும்.

இனி காஸ் எவ்வளவு வரும்? நல்ல நிலையில் உள்ள தொட்டியில் ஒரு கிலோ சாப்பாட்டுக் கழிவிலிருந்து சுமார் 0.1 கன மீற்றர். 40 கிலோவுக்கு 4 கன மீற்றர். ஒரு கன மீற்றர் பயோகாஸ் ஏறத்தாழ 0.45 கிலோ சிலிண்டர் காஸுக்குச் சமம் என்பதால் இது நாளுக்கு 1.8 கிலோ, வாரத்துக்கு 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று. 200 பேருக்கு மூன்று வேளை சமைக்கும் அடுப்பறையில் இது சிறு பங்குதான். சோறு வேகாது. ஆனால் 100 லீற்றருக்கு மேல் தண்ணீர் கொதிக்கும், அதாவது 200 பேருக்கும் காலைத் தேநீர், மாலைத் தேநீர் இரண்டுக்கும் போதும். இந்த அடுப்பைத் தேநீருக்கென்றே ஒதுக்குவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். மேலே ஏற ஏற இன்னொரு குறைவும் சேரும். காற்றழுத்தம் குறைவதால் அதே கன அளவு காஸில் உள்ள எரிபொருள் ஹட்டன் உயரத்தில் 13 சதவீதம் அளவும் நுவரெலியாவில் 20 சதவீதம் அளவும் குறையும். மூடி முழுக்க எழுந்து நிற்கிறதே, அடுப்பு ஏன் சீக்கிரம் அணைகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. உங்கள் காசு எப்போது திரும்பும் என்று கணக்கிட, மாதம் நான்கு சிலிண்டர் என்று கண்டி உயரத்திலும், இரண்டரை என்று கொட்டகலை உயரத்திலும் எடுத்து, அன்றைய சிலிண்டர் விலையால் பெருக்குங்கள். விடுமுறை மாதங்களைக் கழித்துவிடுங்கள்.

பொருத்தும்போது அதிகம் தவறுவது அழுத்தத்தில். மூடியின் எடைதான் காஸை அடுப்புக்குத் தள்ளுகிறது. பிளாஸ்டிக் மூடி தனியாக அதற்குப் போதாது. 1.6 மீற்றர் விட்டமுள்ள மூடியின் பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீற்றர். 5 சென்ரிமீற்றர் நீரழுத்தம் வேண்டுமென்றால் மூடியோடு சேர்த்து 100 கிலோ இருக்க வேண்டும். 8 சென்ரிமீற்றருக்கு 160 கிலோ. சீமெந்துக் கல்லை ஒரு ஓரமாக அடுக்கினால் மூடி சரிந்து சுவரில் சிக்கிக்கொள்ளும், மேலெழாது, காஸ் பக்கவாட்டில் குமிழியிட்டுப் போகும். மணல் நிரப்பிய பைகளை வட்டமாகச் சுற்றி வைப்பது நல்லது. அழுத்தம் அளக்கக் கருவி வாங்கத் தேவையில்லை. நிறமில்லாத பிளாஸ்டிக் டியூபை வளைத்துப் பலகையில் அடித்து, பாதியளவு நிறத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் குழாயில் சொருகினால் போதும். இரு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம்தான் அழுத்தம். இரவில் அடுப்பு வால்வை மூடிவிட்டு மூடியின் உயரத்தைச் சுவரில் கோடிட்டு, காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் கசிவு. இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

தொட்டியோடு தரும் அரை அங்குல ரப்பர் ஹோஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் 20, 30 மீற்றர் தூரத்துக்கு அது மூச்சுத் திணறும், எலி கடிக்கும், பேராதனைப் பக்கம் குரங்கு பிடுங்கும். ஒரு அங்குல பீவீசி பைப், வெயில் படாத இடமாகவோ நிலத்தடியாகவோ போட வேண்டும். காஸில் ஈரம் நிறைய. இரவுக் குளிரில் அது பைப்புக்குள் தண்ணீராகித் தாழ்வான இடத்தில் தேங்கினால் அடுப்பு துடித்துத் துடித்து எரியும், பிறகு அணையும். பத்து மீற்றருக்குப் பத்து சென்ரிமீற்றராவது சரிவு கொடுத்து, ஆகத் தாழ்ந்த இடத்தில் ‘டீ’ இணைப்பும் தண்ணீர் திறந்துவிட ஒரு வால்வும் வையுங்கள். வாரம் ஒரு முறை திறந்தால் போதும். மழைக்காலத்தில் இரண்டு முறை.

கந்தக வடிகட்டியைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். முட்டையும் இறைச்சியும் பருப்பும் போகும் தொட்டியில் ஐதரசன் சல்பைட்டு என்ற அரிக்கும் வாயு கணிசமாக வரும்; பித்தளை வால்வு கறுத்து, அடுப்பு பர்னர் அரித்துப் போகும். நான்கு அங்குல பைப் துண்டுக்குள் துருப்பிடிக்க வைத்த இரும்புப் பஞ்சை நெருக்காமல் அடைத்தால் அதுவே வடிகட்டி. கறுத்துப் போனதும் எடுத்து வெளியே காற்றில் பரப்பினால் மறுபடி துருவாகிப் பயன்படும். அப்படி மாறும்போது அது தானாகச் சூடேறும். காய்ந்த புல், கடதாசி, மரத்தூள் அருகே போடாமல் ஈரத் தரையில் பரப்ப வேண்டும். சமையலறையில் அழுகிய முட்டை வாடை வந்தால் வடிகட்டி முடிந்துவிட்டது அல்லது எங்கோ கசிகிறது என்று பொருள்.

சிலிண்டர் அடுப்பு அப்படியே இதற்கு எரியாது. சிலிண்டர் காஸ் 30 சென்ரிமீற்றர் அளவு நீரழுத்தத்தில் மெல்லிய துளை வழியே வருவது. பயோகாஸ் அழுத்தம் அதில் ஆறில் ஒரு பங்கு, எரிசக்தியும் குறைவு. முக்கால் மில்லிமீற்றர் துளை 2 மில்லிமீற்றருக்கு மேல் அகல வேண்டும்; காற்றுத் துவாரத்தைப் பெருமளவு மூட வேண்டும், ஏனென்றால் ஒரே கன அளவில் இந்தக் காஸுக்குத் தேவையான காற்று சிலிண்டர் காஸுக்குத் தேவையானதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. சுவாலை நீலமாக, சீறாமல் பர்னரில் ஒட்டி நின்றால் சரி. மஞ்சளானால் காற்றைச் சிறிது திறக்கவும். தூக்கிக்கொண்டு அணைந்தால் சிறிது மூடவும். சிலிண்டர் வரிசையையும் பயோகாஸ் வரிசையையும் ஒரே பைப்பில் இணைத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. சிலிண்டர் அழுத்தம் மூடியைத் தூக்கி எறியும்.

தொடக்கத்துக்கு மாட்டுச் சாணம் வேண்டும், அதில் மலையகம் கொடுத்து வைத்தது; கறவை மாடு வளர்க்கும் லயம் இல்லாத தோட்டம் அரிது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது, அதாவது 4 கன மீற்றர் தொட்டிக்கு 400 கிலோ புதுச் சாணம், சம அளவு தண்ணீரில் கரைத்து, கல்லும் புல்லும் நீக்கி ஊற்றவும். பக்கத்தில் ஓடும் தொட்டி இருந்தால் அதன் கரைசலை நாலைந்து பெரல் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. மீதியைத் தண்ணீரால் நிரப்பி விட்டுவிடுங்கள். கண்டியில் மூன்று நான்கு வாரம், கொட்டகலையில் ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். முதலில் எழும் மூடியில் இருப்பது பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் மிச்சக் காற்றும். அதை எரிக்கப் பார்க்காமல் வெளியே விட்டுவிட வேண்டும். இரண்டாவது முறையும் அப்படியே. பயோகாஸில் எரியும் பகுதியான மீதேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும். சோதனைக்காகத் தொட்டி வாயில் தீக்குச்சி காட்டுவது உயிரோடு விளையாடுவது. சோதனை எப்போதும் அடுப்பில்தான். எரியத் தொடங்கிய பின் முழு அளவில் கால்பங்கு கழிவோடு ஆரம்பித்து வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள்.

எதைப் போடலாம்? சோறு, கறி, பாண், ரொட்டி, அரிசி கழுவிய தண்ணீர், தேங்காய்ச் சக்கை, அழுகிய மரக்கறி. லீக்ஸ் தழையும் கோவா இலையும் நார் மிக்கவை. இரண்டு சென்ரிமீற்றருக்குள் வெட்டாமல் போட்டால் மேலே மிதந்து தடித்த பாயாகிக் காஸை மேலெழ விடாது. முட்டைக் கோது, எலும்பு, சிரட்டை அடியில் தங்கும், போடாதீர்கள். தேயிலைச் சக்கை மலையக விடுதியில் வாளிக்கணக்கில் வரும். அதில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருளும் நாரும் தொட்டிக்கு உதவா, அதைக் கூட்டெரு குவியலுக்கு அனுப்புங்கள். தோடம்பழம், தேசிக்காய்த் தோலின் எண்ணெய் நுண்ணுயிரை நலிய வைக்கும். பொரித்த எண்ணெயைத் தனியாகச் சேகரியுங்கள். ஆனால் தொட்டியைக் கொல்வதில் முதலிடம் பாத்திரம் கழுவும் தொட்டிக்குத்தான். சவர்க்காரத் தண்ணீரோ ப்ளீச்சிங் பவுடரோ கலந்த வாளி ஒரே தடவை போனாலும் வாரக்கணக்கில் அடி வாங்கும். கழிவுத் தட்டை வழிக்கும் இடமும் கழுவும் இடமும் இரண்டு அடியாவது தள்ளி இருக்கட்டும். சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட் 2017 செப்டெம்பரில் தடை செய்யப்பட்டது. இருந்தும் சோற்றோடு சேர்ந்து பொலித்தீன் வரத்தான் செய்யும். ஊற்றும் வாயில் ஒரு கம்பி வலைத் தட்டைப் பொருத்துங்கள். உள்ளே அடைத்த பொலித்தீனை எடுப்பது ஒரு நாள் வேலை.

கல்லூரி வளாகங்களுக்கே உரிய நோய் ஒன்று உண்டு, அது விடுமுறைக்குப் பின் வருவது. தவணை விடுமுறை, பரீட்சை, வேலைநிறுத்தம் என்று வளாகம் மூடியிருக்கும் ஒன்றிரண்டு மாதம் தொட்டி பட்டினி கிடக்கும். அதனால் ஒன்றும் ஆகாது. நுண்ணுயிர் ஒடுங்கிக் கிடக்கும், சாகாது. ஆபத்து திறக்கும் நாளில். அன்றே 40 கிலோ முழுவதையும் ஊற்றிவிடுவார்கள். புளிக்க வைக்கும் நுண்ணுயிர் மாவுச்சத்தை உடனே தின்று அமிலமாக்கும். அந்த அமிலத்தைக் காஸாக்கும் நுண்ணுயிர் இன்னும் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் மூடி நன்றாக எழும், எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் சுவாலை பிடிக்காது. வெளியேறும் கரைசல் புளித்த வாடை அடிக்கும். நிறத்தாளில் பார்த்தால் அமிலத்தன்மையைக் காட்டும் பீஎச் 6.5க்குக் கீழே நிற்கும். இருக்க வேண்டியது 6.8 முதல் 7.5. உடனே ஊற்றுவதை நிறுத்துங்கள். கன மீற்றருக்கு அரைக் கிலோ அளவில் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து இரண்டு மூன்று நாளில் பிரித்து ஊற்றி, சில வாளி புதுச் சாணக் கரைசலும் சேர்த்து, சுவாலை திரும்பும்வரை பொறுக்க வேண்டும். சுண்ணாம்பு போடலாம், ஆனால் கை மிஞ்சினால் காரமாகிவிடும், அடியிலும் படியும். இதையெல்லாம் தவிர்க்க, திறக்கும் வாரத்தில் கால் பங்கு, அடுத்த வாரம் அரைப் பங்கு என்று ஏற்றினால் போதும். விடுமுறையில் காவலாளி மூன்று நாளுக்கொரு முறை ஒரு வாளிச் சாணக் கரைசல் ஊற்றினால் தொட்டி தயாராகவே இருக்கும்.

குளிரைச் சமாளிக்கச் சில வழிகள் உண்மையிலேயே பலன் தரும். மரக்கறித் தோட்டக்காரர் போடும் பொலித்தீன் கூடாரத்துக்குள் தொட்டியை வைத்தால் பகலில் சில பாகை ஏறும். ஆனால் கூடாரத்தின் மேல் முனையில் காற்றோட்டம் கட்டாயம், கசியும் மீதேன் அங்கேதான் சேரும். கழிவைக் கலக்கச் சூரிய வெப்பத்தில் சுட்ட 40 பாகைத் தண்ணீரைப் பயன்படுத்தலாம். தொட்டியைச் சுற்றி ஒன்றரை அடித் தடிப்பில் கூட்டெரு குவித்தால் அதன் சூடு சுவர் வழியே இறங்கும். மானாப் புல், வெட்டிய வேலித் தழை, விடுதியின் தேயிலைச் சக்கை எல்லாம் அதற்கு ஆகும். கலக்கும் தண்ணீரில் பாதிக்குப் பதில் வெளியேறிய தெளிந்த கரைசலையே ஊற்றினால் தண்ணீரும் மிச்சம், நுண்ணுயிரும் திரும்ப உள்ளே போகும். முழுவதையும் அப்படிச் செய்தால் அமோனியா கூடிவிடும்.

வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி கரைசலைப் பற்றியது. உள்ளே போகும் 80 லீற்றரும் அதே அளவில் தினம் வெளியே வரும். பத்து லீற்றர் வாளியில் எட்டு. மூன்று மடங்கு முதல் ஐந்து மடங்கு தண்ணீர் சேர்த்தால் கிழங்கு, போஞ்சி, பூஞ்செடி, புல் எல்லாவற்றுக்கும் அருமையான உரம். 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டபோது இதன் அருமை பலருக்கும் தெரிந்தது. பச்சையாகச் சாப்பிடும் இலைகளுக்கு ஊற்றக் கூடாது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வைகாசி தொடங்கிப் பெய்யும் மழையில் நிலம் ஒரு வாளியும் ஏற்காது, ஆகவே இரண்டு வாரக் கரைசல், 1,100 லீற்றருக்கு மேல், தாங்க மூடிய தொட்டி வேண்டும். ஓடையில் திறந்துவிடுவதுதான் நடக்கக் கூடாதது. இங்கே ஓடும் நீரோடைகளில் பெரும்பாலானவை மகாவலியிலோ களனி கங்கையிலோதான் சேர்கின்றன. அந்தத் தண்ணீரைக் கீழே குடிக்கிறார்கள். தோட்டம் செய்ய இடமில்லாத, கரைசல் வாங்கிக்கொள்ள அண்டை வீட்டுத் தோட்டமும் இல்லாத விடுதி இந்தத் தொட்டியை வாங்க வேண்டாம்.

இடம் தேர்வதில் சரிவே துணை: சமையலறைக்குக் கீழே தொட்டி, தொட்டிக்குக் கீழே தோட்டம் என்றால் வாளி தூக்கும் வேலையில்லை. ஆனால் 8 கன மீற்றர் நிரம்பினால் எட்டுத் தொன். அதற்காகச் சரிவை வெட்டித் தளம் போடுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டைக் கேளுங்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்த மலையகத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. வழியும் கரைசல் வெட்டிய மண்ணில் ஊறக் கூடாது. மழை நீரைத் திசைதிருப்பும் வடிகானும் வேண்டும். கழிவு ஊற்றும் வாயில் மழை விழாமல் ஒரு தகரக் கூரை போடுங்கள், இல்லையேல் கரைசல் நீர்த்துக் குளிர்ந்துவிடும். துப்புரவு செய்ய யாரும் தொட்டிக்குள் தலையை விடக் கூடாது. ஐதரசன் சல்பைட்டு அளவு கூடினால் வாடையே தெரியாமல் போகும், மூக்கு மரத்துவிடும். அதற்குப் பின் விழுவது ஒரு நொடி.

1,200 மீற்றரை ஒட்டிய கல்லூரிகளுக்கு, இடமும் நல்ல மேசனும் இருந்தால், செங்கல்லில் நிலத்தடியில் கட்டும் கூரைக்குவி (அசையாத குவிந்த கூரை) வகையை முதலில் யோசிக்கச் சொல்வோம். மண்ணுக்குள் இரவும் பகலும் சூடு ஒரே சீராக இருக்கும், நகரும் பாகம் இல்லை, சரியாகக் கட்டினால் இருபது வருடம் தாண்டும். மேசன் பழகாதவரானால் குவியில் மயிரிழை வெடிப்பு வந்து காஸ் நிற்காது, அதைத் திருத்துவது பெரும்பாடு. பிளாஸ்டிக் தொட்டியின் பலம் அங்கேதான்: கசிவு கண்ணுக்குத் தெரியும், இடம் மாற்றலாம். நுவரெலியாவுக்கும் கந்தப்பளைக்கும் இரண்டும் வேண்டாம். மூடிய கூட்டெருப் பெட்டிகள் மூன்று, மரத்தூளோ காய்ந்த மானாப் புல்லோ கழிவுக்கு இரு மடங்கு கன அளவில், வாரம் ஒரு முறை புரட்டல். குவியலின் நடுவே குளிர்காலத்திலும் 55 பாகை ஏறும்.

கடைசியாக, ஆளைப் பற்றி. சுற்றாடல் சங்க மாணவர் வருடா வருடம் மாறுவர். கன்டீன் நடத்துநரும் டெண்டர் முடிந்தால் மாறுவார். தொட்டி சும்மா கிடப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. கழிவு பிரித்தல், வெட்டுதல், ஊற்றுதல், எடையை எழுதுதல் ஆகிய நான்கையும் டெண்டர் நிபந்தனையில் எழுதுங்கள். நாளுக்கு முக்கால் மணி நேர வேலை இது. அதற்குக் கூலி ஒதுக்குங்கள். தொட்டிக்கு அருகே தகட்டில் நான்கு எண்களை எழுதி மாட்டுங்கள்: நாளுக்கு ஆகக் கூடிய கிலோ, தண்ணீர் லீற்றர், பீஎச் கீழெல்லை, மூடிக்கு வேண்டிய அழுத்தம். விலைக் கேள்வித்தாளில் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை: உங்கள் ஊரின் ஆகக் குளிரான மாதத்தில் நாளுக்கு எத்தனை கன மீற்றர் என்று எழுத்தில், தண்ணீர்ப் பட்டை உள்ளதா என்று, ஒரு அங்குலப் பைப்பும் மாற்றிய பர்னரும் விலையில் அடக்கமா என்று, முதல் சுவாலை எரிந்து மூன்று மாதம் வரை ஆள் வந்து பார்ப்பார்களா என்று. முதல் கேள்விக்குப் பதில் சமவெளி எண்ணாகவே வந்தால் அந்தக் கேள்வித்தாளை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்தவரை அழையுங்கள்.